ஐஸ் பெட்டி பேபி அக்காவின் பத்து ஞாயிறுகள்

கள்ளிக்குப்பத்தில் யாராவது இறந்துபோனால் முதல் போன் சொந்தக்காரர்களுக்குப் போகாது, பேபி அக்காவுக்குத்தான் போகும். சொந்தக்காரர்கள் வந்து சேரும்வரை ஆளைக் கெடாமல் வைத்திருக்க வேண்டுமே. கண்ணாடி மூடி போட்ட ஐஸ் பெட்டி இரண்டு அக்காவிடம் உண்டு. குட்டியானை வண்டியை அவரே ஓட்டிக்கொண்டு வருவார். ஆட்களை விட்டுப் பெட்டியை இறக்கி, பிளக்கைச் சொருகி, மோட்டார் உறும ஆரம்பித்ததும் ஓரமாக நின்று ஒரு கும்பிடு போட்டுவிட்டுக் கிளம்பிவிடுவார். சாவு வீட்டில் 'போய்ட்டு வரேன்' என்று யாரும் சொல்ல மாட்டார்கள். அக்காவுக்கு அதுவே பழகி, டீக்கடையில்கூட அந்த வார்த்தை வராது. பேசிக்கொண்டே இருப்பார், திரும்பிப் பார்த்தால் ஆள் இருக்க மாட்டார்.

வயது நாற்பத்தாறு. கணவர் நாகேந்திரன் மூன்று சக்கர சைக்கிளில் ஐஸ் பாளம் கொண்டுபோய்ப் போட்ட காலத்திலிருந்து இதே தொழில். அவர் இறந்த அன்று அக்கா அவரை அவருடைய பெட்டியிலேயே வைத்தார். சாயங்காலம் அண்ணனூரிலிருந்து ஒரு வீட்டில் கூப்பிட்டார்கள். தலையை முடிந்துகொண்டு, இன்னொரு பெட்டியை ஏற்றிக்கொண்டு போய்விட்டார். "அவங்க ஊட்லயும் சாவுதானே" என்றாராம். தெருவில் கல்யாணம் என்றால் அக்காவுக்கும் பத்திரிகை வைப்பார்கள். வராமல் இருந்தால் தேவலை என்று நினைத்துக்கொண்டே வைப்பார்கள். அக்காவும் போக மாட்டார். மறுநாள் போய் மிச்சமிருக்கும் பாயசத்தைக் குடித்துவிட்டுப் பெண்ணை வாழ்த்திவிட்டு வருவார்.

இப்படிப்பட்டவரைத்தான் நான் ஏமாற்றினேன்.

எங்கள் தெருவில் பிரகாசம் சார் என்று ஒருவர் இருக்கிறார். ரிட்டையர் ஆனவர். அவர் காம்பவுண்டுக்குள் விழுந்த பந்து திரும்பி வந்ததாகச் சரித்திரம் இல்லை. மொத்தம் பதினோரு பந்து. தை மாதத்தில் ஒரு மத்தியானம், எதிர்மாடியில் உட்கார்ந்துகொண்டு, நண்பனுடைய போனிலிருந்து அக்காவைக் கூப்பிட்டேன். வாயில் துண்டைப் பொத்திக்கொண்டு, "ஐயோ அக்கா, எங்க பிரகாசம் மாமா பூட்டாரு அக்கா" என்று அழுதேன். பத்தாவது கணக்குப் பரீட்சையை மூன்று தடவை எழுதியும் தேறாதவன் நான். அழுகையில் ஒரே தடவையில் பாஸ்.

குட்டியானை வந்து நின்றது. பிரகாசம் சார் லுங்கியோடு கேட்டைத் திறந்தார்.

"யாருக்கும்மா பெட்டி?"

"பிரகாசம்னு ஒருத்தருக்கு சார். நீங்க அவருக்கு இன்னா ஓணும்?"

"நான்தாம்மா பிரகாசம்."

மாடியில் நாங்கள் உருண்டு உருண்டு சிரித்தோம். கீழே யாரும் சிரிக்கவில்லை. அக்கா கத்துவார், திட்டுவார், அதைப் பார்க்கத்தானே இத்தனை பாடு. அவர் கத்தவில்லை. சாரைப் பார்த்துச் சொன்னார்:

"ஊட்டு வாசலுக்கு வந்த பெட்டி காலியாத் திரும்பக் கூடாது சார். திரும்பிச்சுன்னா மறுக்கா இதே ஊட்டுக்குத்தான் வரும். ஒரு பிளக் பாயிண்ட் குடுங்க."

பிரகாசம் சார் வயரை இழுத்துக்கொண்டு வந்து கொடுத்தார். மோட்டார் உறுமியது. அக்கா செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார். வண்டிமேல் ஏறி, புடவையைக் கணுக்கால்வரை இழுத்துவிட்டுக்கொண்டு, பெட்டிக்குள் மல்லாந்து படுத்தார். கை இரண்டையும் நெஞ்சின்மேல் சேர்த்துக்கொண்டார்.

"மூடியப் போட்டு நூறு எண்ணுங்க சார்."

பிரகாசம் சார் சத்தமாகவே எண்ணினார். எழுபதுக்குமேல் அவர் குரல் நடுங்கியது மாடிவரைக்கும் கேட்டது. நான் கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தேன். உள்ளே உயிருள்ள ஆள் மூச்சுவிட்டால் கண்ணாடியில் பனி படிய வேண்டும். படியவே இல்லை. நூறு முடிந்ததும் அக்கா எழுந்தார், செருப்பை மாட்டினார், போய்விட்டார்.

அன்று சாயங்காலம் பதினோரு பந்தும் பிரகாசம் சார் வீட்டுச் சுவர்மேல் வரிசையாக இருந்தன. ஒருவனும் எடுக்கப் போகவில்லை.

பங்குனியில் அக்காவைத் தொழிற்பேட்டை எஸ்டேட் டீக்கடையில் பார்த்தேன். தார் உருகுகிற வெயிலில் ஸ்வெட்டர் போட்டிருந்தார்.

"ஜொரமா பேபி?" என்றார் டீ மாஸ்டர்.

"ஜொரம் இல்லண்ணா. பாதத்துலேர்ந்து சில்லுனு ஏறிகினே கீது. டாக்டரு ஊசி போட்டாரு. ஊசிதான் ஜில்லுனு ஆச்சு."

எதிர்ச் சுவரில் ஒரு போஸ்டர் இருந்தது. எஸ்டேட்டில் பல வருடமாக மூடிக்கிடந்த குளிர்பதனக் கிடங்கை யாரோ வாங்கி ஐஸ் ஸ்கேட்டிங் தளம் ஆக்கியிருந்தார்கள். 'எல்லா வயதினருக்கும் குழு வகுப்பு. ஞாயிறுதோறும் காலை. பத்து வகுப்புகள்.' அக்கா அதை எழுத்துக்கூட்டி இரண்டு தடவை படித்தார். பிறகு டீயைப் பாதியில் வைத்துவிட்டு, வழக்கம்போலச் சொல்லிக்கொள்ளாமல், அந்தக் கிடங்கைப் பார்த்து நடந்தார்.

கம்ப்யூட்டர் கிளாஸ் என்று வீட்டில் சொல்லிவிட்டு நானும் சேர்ந்தேன். அக்கா விழுவதைப் பார்த்துச் சிரிக்கப் போகிறேன் என்று நண்பர்களிடம் சொல்லிவைத்தேன். அவர்களுக்கு அது போதும்.

உள்ளே ஒரு கல்யாண மண்டபம் அளவுக்கு வெள்ளைத் தரை. அதற்கு அடியில் எங்கேயோ மோட்டார் ஓடிக்கொண்டே இருந்தது. பெரிய சத்தம் இல்லை. ஆனால் எனக்குத் தெரிந்த சத்தம். பிரகாசம் சார் வீட்டு வாசலில் கேட்ட அதே உறுமல்.

சொல்லிக்கொடுத்தது ஷாரன் மிஸ், ஆவடிப் பெண். "இங்க வயசுக்கு ஒரு கிளாஸ்னு கெடையாது. ஒண்ணுமே தெரியாதவங்க எல்லாம் ஒரே வரிசை" என்றார். அதனால் என் இடப்பக்கம் ஆறு வயது தேவிப்பிரியா, வலப்பக்கம் சுடிதாரும் குரங்குக் குல்லாவும் ஸ்வெட்டருமாகப் பேபி அக்கா. ஐஸில் கால் வைப்பதற்குமுன் அக்கா ஓரமாக நின்று ஒரு கும்பிடு போட்டார். அந்தக் கும்பிடு எனக்குத் தெரியும்.

முதல் பாடம் நிற்பது இல்லை, விழுவது. பக்கவாட்டில் உட்காருகிற மாதிரி விழ வேண்டும். அடுத்தவர் ஷூவுக்கு அடியிலுள்ள கத்தி ஏறிவிடாமல் விரல்களை மடக்கிக்கொள்ள வேண்டும். பிறகு முட்டி போட்டு, ஒரு காலை ஊன்றி, அந்த முட்டிமேல் இரண்டு கையையும் அழுத்தி எழ வேண்டும்.

"யாரும் யாரையும் தூக்கிவிடக் கூடாது. தூக்குறவங்களும் சேர்ந்து விழுவீங்க. அவங்கவங்களேதான் எழுந்திருக்கணும்" என்றார் மிஸ்.

சொல்லி முடிப்பதற்குள் நான் விழுந்தேன். "ஐயோ அம்மா" என்று கத்தியது கூரையில் பட்டுத் திரும்பி வந்தது. அக்கா தலையைத் திருப்பி என்னை ஒரு பார்வை பார்த்தார். பாவம் பையன் என்று நினைத்திருப்பார் என்று எண்ணிக்கொண்டேன்.

அந்தக் குளிரில் எல்லோர் வாயிலும் வெள்ளையாகப் புகை வந்தது. தேவிப்பிரியா அதை ஊதி ஊதி விளையாடிக்கொண்டிருந்தவள் சட்டென்று நின்றாள்.

"ஆன்ட்டி, உங்க வாயில மட்டும் ஏன் புகை வரல?"

"நான் பல்லு வெளக்கினு வந்தேன் கண்ணு" என்றார் அக்கா.

வரிசையே சிரித்தது. நான் அக்கா வாயைப் பார்த்தேன். பேசினார், சிரித்தார், மூச்சு வாங்கினார். ஒரு இழைகூட வெளியே வரவில்லை.

வாரங்கள் போயின. லெஃப்ட் ரைட் என்று நடந்தோம். ஒரே தள்ளலில் சறுக்கினோம். குதிகாலைச் சேர்த்து, விரித்து, மறுபடி சேர்த்து ஐஸில் எலுமிச்சம்பழம் வரைந்தோம். அக்கா நன்றாகவே கற்றுக்கொண்டார். பெட்டி தூக்கிப் பழகிய உடம்பு, முட்டி மடங்கிக்கொடுத்தது. ஆனால் இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவருக்குக் குறுக்கே போகச் சொன்னால், சரியாக நடுவில் விழுவார். ஒவ்வொரு தடவையும் அதே இடம். பக்கவாட்டில் இல்லை, மல்லாந்து. விழுந்ததும் கை இரண்டும் தானாக நெஞ்சின்மேல் வந்து சேரும்.

"ஆன்ட்டி, சைடுல விழுங்க, சைடுல!" என்று மிஸ் கத்துவார்.

நாங்கள் விழுந்து எழுந்த இடத்தில் உடம்புச் சூட்டில் ஐஸ் உருகி ஈரமாக இருக்கும். அக்கா படுத்திருந்த இடம் உலர்ந்து கிடக்கும். நான் குனிந்து கையால் தடவியே பார்த்திருக்கிறேன்.

ஆறாவது வாரம் பெஞ்சில் உட்கார்ந்து ஷூ கயிற்றைக் கட்டிக்கொண்டிருந்தபோது கேட்டேவிட்டேன்.

"இந்த வயசுல இது இன்னாத்துக்குக்கா?"

"தை மாசம் எவனோ பொய்ப் போன் பண்ணான்டா. போன எடத்துல பெட்டியக் காலியா எட்த்துகினு வரக் கூடாதேன்னு நானே படுத்தேன். எழுந்துட்டேன்னு நெனச்சேன். கால் எழல. இன்னும் உள்ளயே கீது." கயிற்றை இழுத்து முடிச்சுப் போட்டார். "படுத்துகினு ஐஸுக்குள்ள போனவ நான். நின்னுகினு ஐஸ்லேர்ந்து வெளிய வரணும். இந்தக் கோடிலேர்ந்து அந்தக் கோடி. பத்து கிளாஸுக்குள்ள வந்துட்டேன்னா உசுரோட கீறேன். இல்லாங்காட்டி பெட்டி எட்த்துக்கும்."

"போன் பண்ணவன் யாருன்னு தெரியாதாக்கா?"

"எவனா இருந்தா இன்னா. இப்பல்லாம் போன் வந்தா, நீங்க நேர்ல பாத்தீங்களான்னு ஒரு கேள்வி சேத்துக் கேக்கறேன்."

எனக்கு ஷூ கயிறு முடிச்சு விழவே இல்லை.

பத்தாவது ஞாயிறு. எல்லோரும் குறுக்கே போய்க் காட்ட வேண்டும். தேவிப்பிரியா பாட்டுப் பாடிக்கொண்டே போய்ச் சேர்ந்தாள். அக்கா முறை வந்தது. கும்பிடு போட்டார். கிளம்பினார். ஒரு தள்ளல், இரண்டு தள்ளல், முட்டி மடங்கி, கை விரிந்து, அழகாகத்தான் போனார். நடுவில் விழுந்தார். கைகள் நெஞ்சில் சேர்ந்தன. இந்தத் தடவை கண்களும் மூடிக்கொண்டன.

"ஆன்ட்டி! எழுந்திருங்க ஆன்ட்டி!"

அக்கா அசையவில்லை. மோட்டார் சத்தம் ஏறிக்கொண்டே போவதுபோல இருந்தது. மிஸ் முதலுதவிப் பெட்டியை எடுக்க ஓடினார். நான் கிளம்பிவிட்டேன். எப்படிப் போனேன் என்று தெரியாது. நிற்பது மட்டும் எனக்கு வரவே வராது, அதனால் அக்கா பக்கத்தில் போய் விழுந்தேன், அதுவும் மல்லாந்து.

"அக்கா, போன் பண்ணது நான்தான்க்கா."

கண்ணைத் திறக்காமலே சொன்னார்: "தெரியும்டா வினோத்து."

"எப்படிக்கா?"

"மொத கிளாஸ்ல வுழுந்து 'ஐயோ அம்மா'ன்னு கத்தின பாரு. அதே அழுகை. போன்ல கேட்டது."

"அப்ப ஏன்க்கா அன்னிக்கே ஒரு அறை வுடல?"

"அறைஞ்சா ஆச்சா? ஆர்டர் குடுத்தவன்தான்டா கேன்சல் பண்ணணும். நானாக் கேட்டு வாங்கினா செல்லாது. பத்து வாரமாக் காத்துகினு கீறேன். சொல்லு."

துண்டு எதுவும் பொத்தாமலே அழுகை வந்துவிட்டது.

"பெட்டி வேணாம்க்கா. எங்க ஊட்ல யாரும் சாவல. பெட்டி வேணாம். நீ எழுந்திரு."

அக்கா கண்ணைத் திறந்தார். புரண்டார். முட்டி போட்டார். ஒரு காலை ஊன்றி, கை இரண்டையும் அழுத்தி எழுந்தார். நான் கையை நீட்டினேன், அவர் தொடவில்லை. ஒரு தள்ளல். இன்னொன்று. ஒரு எலுமிச்சம்பழம். எதிர்ச் சுவரில் போய் இரண்டு கையையும் பதித்தார். ஹா என்று பெரிதாக மூச்சு விட்டார். இட்லிப் பானையைத் திறந்த மாதிரி அவர் வாயிலிருந்து வெள்ளையாகப் புகை கொட்டியது. தேவிப்பிரியா கைதட்டினாள்.

நான் ஒருவழியாகத் தவழ்ந்து கரை சேர்ந்தபோது அக்காவின் போன் அடித்தது.

"சொல்லுங்க... பேரு? வயசு?" என்னைப் பார்த்தார். "நீங்க நேர்ல பாத்தீங்களா? சரி. எந்த ஊரு?"

நான் மூச்சைப் பிடித்துக்கொண்டேன். எங்கள் தெரு, கேட், லுங்கி, சுவர்மேல் பதினோரு பந்து, எல்லாம் கண்ணுக்குள் வந்துபோனது.

"நெமிலிச்சேரியா. எண்பத்தெட்டு வயசா. மகராசன். இதோ கெளம்பறேன்."

அக்கா மூச்சை விட்டார், புகை வந்தது. நானும் விட்டேன். விட்டேன் என்றுதான் நினைக்கிறேன். தேவிப்பிரியா கைதட்டுவதை நிறுத்திவிட்டு என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணா, நீங்களும் பல்லு வெளக்கினு வந்தீங்களா?"

அக்காவும் பார்த்தார். நான் மல்லாந்து விழுந்துகிடந்த நடு ஐஸைத் திரும்பிப் பார்த்தார். அங்கே ஈரம் இல்லை. ஸ்வெட்டரைக் கழற்றினார், என் தலைவழியாக மாட்டிவிட்டு, சின்னப் பிள்ளைக்குச் செய்வதுபோல இழுத்துச் சரிசெய்தார். அதில் அக்காவின் உடம்புச் சூடு இருந்தது.

"பயப்படாத. பெட்டி காலியாத் திரும்பாதுல்ல, அதான். அடுத்த பத்து கிளாஸ் கீது. நான் கூட நிப்பேன்" என்றார். ஷூவைக் கழற்றிக் கொடுத்துவிட்டு, வண்டிச் சாவியை எடுத்துக்கொண்டு வாசல்வரை போனவர், அங்கே நின்று திரும்பினார்.

"வரேன்டா" என்றார்.