இசைத்தட்டுப் படிகள்

லைல் ஹாக்கடே தன் இசைத்தட்டுகளை அகரவரிசையில் அடுக்குகிறவன் அல்ல. ஊர்வாரியாக அடுக்குவான். பெர்த் இசைக்குழுக்களுக்கு நான்கு பெட்டி, டனீடினுக்கு மூன்று, வுலங்காங்குக்கு இரண்டு, நியூகாசிலுக்கு ஒன்று. மெல்பர்ன் மட்டும் ஒரு சுவர் முழுக்க. எல்லாம் பால்காரர்கள் பயன்படுத்தும் கனமான பிளாஸ்டிக் பெட்டிகள். தேடி வருகிற நண்பர்கள் குழம்பிப் போவார்கள். லைல் மட்டும் கண்ணை மூடிக்கொண்டு எடுப்பான்.

லிஸ்மோர் என்ற ஊரில் ஆற்றுக்கு வடகரையில், கட்டைக் கால்கள் மேல் தூக்கி நிறுத்திய பழைய மரவீடு அவனுடையது. தொழில் குளிர்சாதனப் பெட்டி பழுது பார்ப்பது. வெள்ளிக்கிழமை வேலை முடிந்ததும் அதே வேனில் கிளம்பிவிடுவான். பிரிஸ்பேன் மூன்று மணி நேரம், நியூகாசில் ஏழு. ஏதாவது ஒரு மதுக்கூடத்தின் பின்கட்டில் நாற்பது பேர் முன்னால் ஒரு குழு சுவர் அதிர வாசிக்கும். முடிந்ததும் அவர்களிடமே தட்டு வாங்கி, வேனில் படுத்துத் தூங்கி, காலையில் திரும்புவான். வீடு சேர்ந்ததும் முதல் வேலை, தட்டின் உள்ளுறையில் பென்சிலால் எழுதுவது. ‘மே 1991. மழை. பேஸ் கிதார்க்காரனுக்கு மூக்கில் ரத்தம், நிறுத்தவில்லை. வேன் கிளட்ச் போச்சு.’ அப்பா இறந்த வாரம், காதலி கார்மெல் அவனோடு குடிவந்த மாதம், அவள் அவனை விட்டுப் பெர்த்துக்குப் போன நாள் எல்லாம் இப்படி ஏதோ ஒரு கச்சேரிக்குக் கீழேதான் எழுதப்பட்டிருந்தன. வேறு நாட்குறிப்பு அவனிடம் கிடையாது. முப்பத்தெட்டு வருஷம், மூவாயிரத்து எண்ணூறு சொச்சம் தட்டுகள்.

பக்கத்து வீட்டு நைரீக்கு இந்த இசை ஜென்மப் பகை. நியூசிலாந்துக்காரி. பள்ளிப் பேருந்து ஓட்டியவள். விடியுமுன் எழ வேண்டியவள். அவன்மேல் பதினொரு முறை போலீசுக்குப் புகார் கொடுத்திருக்கிறாள். ஓய்வு பெற்ற பிறகும் விடவில்லை.

"லைல்! அது பாட்டா, இல்ல யாரையாவது அறுக்குறியா?" என்று வேலியோரம் நின்று கத்துவாள்.

"அறுத்து முடிச்சாச்சு நைரீ, இப்ப தோல உரிக்கிறேன். வந்து பாருங்களேன்," என்பான் லைல்.

இரண்டாயிரத்து இருபத்திரண்டு பிப்ரவரி கடைசித் திங்கட்கிழமை விடியும்போது, வேலி தண்ணீருக்கடியில் போயிருந்தது.

லைல் அதுவரை பயப்படவில்லை. ஊர் கண்ட மிகப் பெரிய வெள்ளத்தைவிடத் தன் வீட்டுத் தரை ஒரு மீட்டர் உயரம் என்பது அவனுக்கு மனப்பாடம். இருந்தாலும் ஞாயிறு முழுக்க பெட்டிகளைக் கட்டில் மேலும் அலமாரி மேலும் சமையல் மேடை மேலும் ஏற்றியிருந்தான். வெளிச்சம் வந்தபோது தரைப்பலகைகளின் இடுக்கில் பழுப்புத் தண்ணீர் கொப்பளித்தது. அரை மணி நேரத்தில் முழங்கால். அவசர எண்ணுக்கு அடித்தால் யாரும் எடுக்கவில்லை.

அப்போதுதான் நைரீயின் குரல் கேட்டது. அவள் வீடு இவனுடையதைவிடத் தாழ்வு. சமையலறை ஜன்னலில் மார்பளவுத் தண்ணீரில் நின்று, "யாராவது இருக்கீங்களா? லைல்! லைல்!" என்று கத்திக்கொண்டிருந்தாள்.

இடுப்பில் மின்சார நீட்டிப்பு வயரைக் கட்டி, மறுமுனையைத் தூணில் முடிந்து, நீந்திப் போனான். இரண்டு வீட்டுக்கும் இடையே பதினைந்து அடிதான். தண்ணீர் அவனை இரண்டு முறை அடித்துப் போகப் பார்த்தது. அவளைக் கழுத்தோடு பிடித்து இழுத்து வந்தபோது இருவரும் டீசல் நாற்றமடிக்கும் தண்ணீரைக் குடித்திருந்தார்கள். இவன் வீட்டிலும் இப்போது இடுப்பளவு.

"எங்க போறது? சொல்லு, எங்க போறது?" என்றாள் நைரீ.

கூரைக்குள் போக நடைவழியின் உள்கூரைப் பலகையில் ஒரு சதுரத் திறப்பு உண்டு. பழைய வீடு, பதினோரு அடி உயரம். ஏணி வீட்டுக்கடியில் மூழ்கிக் கிடந்தது. லைல் சாப்பாட்டு மேசையை இழுத்தான். அது மிதந்து நழுவியது. நாற்காலிகளும் மிதந்தன. குளிர்சாதனப் பெட்டி மல்லாந்து தொட்டிலைப் போல் ஆடியது. வீட்டில் மிதக்காத பொருள் ஒன்றே ஒன்றுதான் இருந்தது.

அவன் அலமாரி மேலிருந்த பெட்டிகளைப் பார்த்தான். ஒரு சொட்டுத் தண்ணீர் படாமல் இருந்தன.

நைரீ அவன் முகத்தைப் பார்த்துப் புரிந்துகொண்டாள். "வேணாம் லைல். வேற ஏதாவது பாப்போம்."

"வேற என்ன இருக்கு? நீங்களே சொல்லுங்க."

அவன் பெர்த் பெட்டிகளை முதலில் இறக்கினான். பிறகு டனீடின், வுலங்காங். ஒவ்வொன்றும் ஒரு சிமெண்ட் மூட்டையில் பாதி கனம். தண்ணீருக்குள் வைத்ததும் உறைகளின் இடையிலிருந்து காற்றுக் குமிழ்கள் வந்தன. அந்தச் சத்தத்தைப் பற்றி லைல் பின்னாளில் யாரிடமும் முழுதாகச் சொல்லி முடித்ததில்லை. திறப்புக்கு நேராக, அடியில் நாலு, அதன்மேல் மூன்று, அதன்மேல் இரண்டு என்று அடுக்கினான். இன்னும் ஒரு படி வேண்டியிருந்தது. கைக்கெட்டியது நியூகாசில் பெட்டி. அதில் பிளட்வுட் சைடிங் என்ற மூவர் குழுவின் ஒரே தட்டு இருந்தது. முந்நூறு பிரதிதான் அடித்தார்கள். அந்த மூவரில் இருவர் இப்போது உயிரோடு இல்லை. அதையும் தூக்கி உச்சியில் வைத்தான்.

"ஏறுங்க."

"இதுமேல கால வைக்கவா?"

"வைங்கன்னு சொல்றேன்ல! பதினொரு தடவ போலீசக் கூப்பிட்டப்ப இவ்வளவு கூச்சம் இல்லியே!"

அவள் அழுதுகொண்டே சிரித்தாள், ஏறினாள். அவன் கீழிருந்து தோளால் முட்டித் தூக்கிவிட்டுத் தானும் ஏறினான்.

கூரைக்குள் இருட்டும் எலிப்புழுக்கை நாற்றமும் அனல்போல் புழுக்கமும். தண்ணீர் அவர்கள் பின்னாலேயே ஏறி வந்தது. திறப்பின் விளிம்பைத் தொட்டு, உத்தரக் கட்டைகளுக்கிடையே பரவியது. தலைக்கு மேல் திருகாணி அடித்த இரும்புத் தகடு. வெளியேற வழியில்லை என்பதை லைல் அப்போதுதான் உணர்ந்தான். காப்பாற்றுவதாக நினைத்து அவளை ஒரு பெட்டிக்குள் கொண்டுவந்து அடைத்துவிட்டோம் என்று தோன்றியது. பழைய புகைபோக்கியிலிருந்து செங்கல் ஒன்றைப் பெயர்த்துத் தகட்டை அடித்தான். அடித்துக்கொண்டே இருந்தான். விரல்நகங்கள் இரண்டு போயின. நைரீ தகட்டில் வாயை வைத்துக் கத்தினாள். தண்ணீர் அவர்கள் தொடைக்கு வந்தது.

"லைல், நான் கெட்டதா எதும் சொல்லியிருந்தா..."

"வாய மூடுங்க நைரீ. கத்துங்க. மன்னிப்பெல்லாம் வேணாம், கத்துங்க."

வெளியே படகு மோட்டார் சத்தம் கேட்டது, தேய்ந்தது, திரும்ப வந்தது. மேலே யாரோ தகட்டைத் தட்டினார்கள். "உள்ள எத்தன பேர்?" என்று ஒரு பெண் குரல். யாரென்றே தெரியாத ஒரு விவசாயியும் மனைவியும், மீன்பிடிக்கிற சின்ன அலுமினியப் படகில் வந்தவர்கள். கைத்துளைக்கருவியால் திருகாணிகளைக் கழற்றித் தகட்டை மடக்க இருபது நிமிடம் ஆனது. வெளிச்சத்துக்கு வந்தபோது லைலால் கையிலிருந்த செங்கல்லை விட முடியவில்லை. அந்தப் பெண்தான் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தாள்.

உயிர் பிழைத்த கதையாக இதை ஊரில் பலர் சொன்னார்கள். லைலுக்கு அப்படித் தெரியவில்லை.

மூன்றாம் நாள் வீட்டுக்குப் போனான். படிகள் சரிந்து சேற்றில் கிடந்தன. அட்டைகள் கஞ்சியாகியிருந்தன. தட்டு கெடாது, கழுவினால் பிழைக்கும் என்று சொன்னார்கள். நாற்பது தட்டைக் கழுவினான். மத்தியிலிருந்த காகிதம் கையோடு வந்தது. பிறகு எது எந்தத் தட்டென்று அவனுக்கே தெரியவில்லை. எல்லாம் ஒரே கறுப்பு. இரவல் கருவியில் ஒன்றைப் போட்டான்; மணல் அரைபடும் சத்தம்தான் வந்தது. பென்சிலில் எழுதிய உள்ளுறைகளைத் தேடினான். சாம்பல் நிறக் கூழ். அதை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு வாசற்படியில் அமர்ந்தவன் சாயங்காலம் வரை எழவில்லை.

தெருவோரக் குப்பைமலையை அள்ள இயந்திரம் வந்தபோது, லைல் தன் குவியல் மேல் ஏறிப் படுத்துக்கொண்டான். ஓட்டுநர் இறங்கி வந்தார். "நண்பா, நான் அந்தக் கோடி வீட்ட முடிச்சுட்டு வரேன். ஒனக்கு எவ்வளவு நேரம் வேணுமோ எடுத்துக்க," என்றார். திரும்பி வந்தபோது லைல் கீழே இறங்கி நின்றிருந்தான். "எடுத்துட்டுப் போங்க," என்றான். பார்க்காமல் இருக்க முடியவில்லை. கடைசி அள்ளல் வரை பார்த்தான்.

அதற்குப் பின் அவன் வேலைக்குப் போகவில்லை. வீடிழந்தவர்களுக்குக் கொடுத்த தற்காலிகக் கூண்டுவீடுகளில் ஒன்றில் இருந்தான். இரண்டு வாசல் தள்ளி நைரீ. மழை பெய்தால் காலணி போட்டுக்கொண்டு வெளியே போய், நிற்கும்வரை மேட்டுச் சாலையில் நனைவான். யாராவது வானொலியில் பாட்டு வைத்தால் எழுந்து போய்விடுவான். மருத்துவர் கொடுத்த மாத்திரையை இரண்டு வாரம் தின்றுவிட்டு நிறுத்தினான். ஒருநாள் பாலத்தின் மேல் வெகுநேரம் நின்றிருந்தவனை நைரீதான் கூட்டி வந்தாள். தன் அடுப்பில் முட்டை பொரித்துக் கொடுத்தாள்.

செய்தி பரவி, எங்கெங்கோ இருந்து இசைத்தட்டுக்காரர்கள் பொதிகள் அனுப்பினார்கள். பெர்த்திலிருந்து, டனீடினிலிருந்து. நாற்பதுக்கும் மேல். லைல் ஒன்றையும் பிரிக்கவில்லை.

"இதெல்லாம் என்னோடது இல்ல," என்றான் நைரீயிடம். "அவங்களோட சாமான். இதுல நான் எங்கயும் இல்ல. திருப்பி அனுப்பிடப் போறேன்."

"அனுப்பு. அதுவரைக்கும் என் வாசல்ல வை, ஒன் வீட்ல நடக்க எடமில்ல."

ஒன்றரை வருஷம் அப்படியே கிடந்தன. போன நவம்பரில் நைரீ துணி வைக்க ஓர் அட்டைப்பெட்டி வேண்டுமென்று, அவனைக் கேட்காமல் ஒரு பொதியைப் பிரித்தாள். உள்ளேயிருந்த தட்டுகளை எடுத்து வாசல் மேசையில் பரப்பினாள். மண்டையோடு போட்ட அட்டையொன்றைத் தூக்கிப் பார்த்து, "சீ, இவனுக மூஞ்சி!" என்றாள்.

லைல் தன் படியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தான். உச்சி வெயில் மேசைமேல் நேராக அடித்தது. கொஞ்ச நேரம் பொறுத்தான். அப்புறம் முடியவில்லை.

"நைரீ! வெயில்ல வைக்காதீங்க. நெளிஞ்சு போயிரும்," என்று கத்திக்கொண்டே எழுந்து போனான்.