மாப்பிள்ளைக்கு என்ன வேலை

என் மகளுக்கு வந்த மாப்பிள்ளை பைலட் என்று தரகர் சொன்னபோது எனக்குக் குழப்பம் எதுவும் இல்லை. விசாரிக்கத் தொடங்கிய பிறகுதான் அது வந்தது.

நான் அப்போது திருவாடானையில் அரசு அலுவலகம் ஒன்றில் இருந்தேன். மகள் ராமநாதபுரத்தில் பாலிடெக்னிக்கில் பாடம் நடத்திக்கொண்டிருந்தாள். பையனின் தகப்பனாருக்கு இராமேஸ்வரத்தில் விசைப்படகுகள் உண்டு. வேலை என்ன, சம்பளம் எவ்வளவு, நிரந்தரமா, விடுப்பு வேண்டுமானால் யாரிடம் கேட்க வேண்டும், இவை தெரிந்தால் ஒரு மாப்பிள்ளையைப் பற்றி முக்கால்வாசி தெரிந்துவிடும் என்பது என் எண்ணம்.

பெண் பார்க்க அவர்கள் வந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை. பையன் வெளிநாட்டிலிருந்து வந்திருந்தான். காபி கொடுத்து முடிந்ததும் சம்பளத்தைக் கேட்டேன்.

தகப்பனார்தான் விளக்கினார். லைசென்ஸ் வாங்கிய பையன்கள் நாடு முழுக்க இருக்கிறார்கள். பயிற்சிப் பள்ளியில் ஓட்டிய மணி நேரங்களை மட்டும் வைத்துக்கொண்டு போனால் எந்தக் கம்பெனியும் எடுப்பதில்லை. பெரிய விமானத்தில் ஓட்டிய அனுபவம் கேட்கிறார்கள். அதனால் வெளிநாட்டுக் கம்பெனி ஒன்றில் பணம் கட்டி, கேப்டனுக்குப் பக்கத்து சீட்டில் இத்தனை மணி நேரம் என்று வாங்கியிருக்கிறார்கள். அதில் பாதி முடிந்துவிட்டது.

"அப்ப சம்பளம்?" என்றேன்.

"இப்போதைக்கு நாமதான் அவங்களுக்குக் குடுக்குறோம்ணே."

அப்படியானால் பயிற்சிதானே என்று பையனிடம் கேட்டேன். இல்லை, பின்னால் உட்கார்ந்திருப்பவர்கள் டிக்கெட் எடுத்த பயணிகள், கேப்டனைத் தவிர ஓட்டுவதற்குத் தான் ஒருவன்தான் என்றான். அப்படியானால் வேலைதானே? "வேலை மாதிரிதான்," என்றான். விடுப்பைப் பற்றியும் கேட்டேன். லீவு என்று ஒன்று கிடையாது, வராத நாளில் அந்த முறை இன்னொருவனுக்குப் போய்விடும் என்றான். எந்தப் பதிலை எங்கே வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

முறுக்கைக் கடித்துக்கொண்டிருந்த என் மைத்துனர் குறுக்கே புகுந்தார். "உங்க போட்டு ஓட்டுறவனுக்கு நீங்கதான முன்பணம் குடுக்குறீங்க. பிளேன் ஓட்டுறதுக்கு மட்டும் மாப்பிள்ளை குடுக்குறாராக்கும்? அவரும் டிக்கெட் எடுத்த ஆளுதான்னு சொல்லுங்க."

தகப்பனார் கோபப்படவில்லை. "போட்டு ஓட்டத் தெரிஞ்சவன் கொறஞ்சு போனான். காசைக் குடுத்துப் பிடிச்சு வைக்கலேன்னா அடுத்தவன் போட்டுல ஏறிருவான். பிளேன் ஓட்டத் தெரிஞ்ச பயலுக கூடிப் போனானுக. அம்புட்டுத்தான்."

பிறகு வந்த விஷயத்தைச் சொன்னார். பெண்ணுக்குப் போடுவதாக நான் தரகரிடம் சொன்ன நகையில் பாதி போதும். மீதியைப் பணமாகக் கொடுத்தால் பாக்கி மணி நேரத்தையும் வாங்கிவிடலாம். அதன் பலன் நாளைக்கு எங்கள் மகளுக்குத்தானே என்றார்.

பையன் பைலட் என்பதால் அவ்வளவு நகை போட ஒப்புக்கொண்டிருந்தேன். அந்த நகை போகாவிட்டால் அவன் பைலட் இல்லை. எது முதலில், எது பிறகு என்று மனதுக்குள் மாற்றி மாற்றி அடுக்கிப் பார்த்தேன். கலந்து பேசிச் சொல்கிறேன் என்று மட்டும் சொல்லி அனுப்பினேன். நடுவில் அவனும் மகளும் மாடியில் கொஞ்ச நேரம் பேசிவிட்டு வந்திருந்தார்கள்.

அவர்கள் போனதும் மகள் சொன்னாள். "வாங்குன மணி நேரம் முடிஞ்சதும் என்னன்னு கேட்டேன்ப்பா. அடுத்த பையன் காசு கட்டிட்டுக் காத்துக்கிட்டு இருப்பான், நான் சீட்ட விட்டு எந்திரிக்கணும்னாரு. மறைக்காமச் சொன்னாரு. அவரைக் கட்டிக்கிறேன். அந்த சீட்ட மட்டும் நான் வாங்கித் தர மாட்டேன்."

அதையே போனில் அவர்களிடம் சொன்னேன். நகை முழுவதும் அவள் கழுத்துக்கு, பணம் கிடையாது. பெண் சம்பாதிப்பதால் பேசுகிறாள் என்று தகப்பனார் போனை வைத்துவிட்டார். இத்தோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன். சில நாள் கழித்துப் பையனே கூப்பிட்டான். பணத்தைப் பற்றிப் பேசவில்லை.

"மாமா, எனக்கு வேலை இல்லைன்னு தெரிஞ்சுதான் உங்க பொண்ணு சரின்னு சொன்னாங்களா?"

"அப்படித்தான் நெனைக்கிறேன் தம்பி."

"அது வேலை இல்லைன்னு எனக்கே தெளிவாத் தெரியாமத்தான் இருந்துச்சு," என்றான்.

அவன் அந்த வெளிநாட்டுக் கம்பெனிக்குத் திரும்பிப் போகவில்லை. தகப்பனாரை எப்படிச் சமாதானப்படுத்தினான் என்று நான் கேட்கவில்லை. கல்யாணம் முடிவானது.

பத்திரிகைக்கு வாசகம் எழுத உட்கார்ந்தேன். மகள் பெயருக்குக் கீழே விரிவுரையாளர் என்று எழுதினேன். அவனைக் கூப்பிட்டு, பைலட் என்பதைப் படிப்பாகப் பெயரை ஒட்டிப் போடுவதா, வேலையாகக் கீழே போடுவதா என்று கேட்டேன். "ரெண்டுலயும் சேராது மாமா. விட்ருங்க," என்றான்.

மறுநாள் அச்சகத்திலிருந்து போன் வந்தது. "மாப்பிள்ளை பேருக்குக் கீழ ஒண்ணும் இல்லையே சார், விட்டுப் போச்சா?"

விட்டுப்போகவில்லை, அப்படியே அடியுங்கள் என்றேன். ஆனால் அத்தனை மாதம் பயணிகளைச் சுமந்துபோய் முழுசாக இறக்கிவிட்டவன் பெயருக்குக் கீழே ஒன்றும் இல்லை என்பது சரிதானா என்று அப்போதும் எனக்குத் தெரியவில்லை.