ஐஸ்காரன் தோளில் பனி

நாற்பத்தேழு வயது வரை கார்த்திகேசனுக்குக் கல்யாணம் ஆகவில்லை என்றால், அதற்கு முதல் காரணம் அவன் கை. பர்மாவில், ஆற்றங்கரைப் படகுத்துறையான பன்சொடான் ஜெட்டிப் பக்கத்து மீன்கடைகளுக்கும் சாப்பாட்டுக் கடைகளுக்கும் ஐஸ் கட்டி போடுவது அவன் தொழில். விடிந்ததிலிருந்து ஐஸைத் தொட்டுத் தொட்டு அந்தக் கை எப்போதும் சில்லிட்டுக் கிடக்கும். பெண் பார்க்கப் போன இடத்தில் தாம்பூலத் தட்டை வாங்கும்போது விரல் பட்டு, பெண்ணின் தாயார் பதறிப்போய், "மாப்பிள்ளைக்கு உயிர் இருக்குல்ல?" என்று தரகரைக் கேட்டார்களாம். இரண்டாவது காரணம் அவன் வாய். ஐஸைத் தவிர வேறு எதைப் பற்றியும் ஒரு பெண்ணிடம் பேச அவனுக்கு வராது.

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்காதீர்கள். ஜெட்டி வாசலில் டீக்கடை வைத்திருக்கும் நூர் பீவி நான். ஊர் சங்கதி தெரிந்துகொள்ள நான் எங்கும் நடக்க வேண்டியதில்லை, அதுவே வந்து பெஞ்சில் உட்காரும்.

அவன் மனசை வைத்தது விஜயகுமாரி மேல். ஆற்றுக்கு அக்கரையில் இருக்கும் டாலாக்காரி. மழை நின்று குளிர் மாதம் பிறந்தால் ஆற்றின் மேல் ஸின்யோ வந்துவிடும். கடற்காக்கையை இங்கே அப்படித்தான் சொல்வோம். ஃபெரியில் போகிறவர்கள் அதுகளுக்குத் தீனி வீசி விளையாடுவார்கள். அந்தத் தீனியைக் கூடையில் வைத்துக்கொண்டு, அக்கரைக்கும் இக்கரைக்கும் போய்வந்து விற்பவள் அவள். ஓர் இடத்தில் நிற்க மாட்டாள். டீயைக்கூட நடந்துகொண்டேதான் குடிப்பாள்.

"ஒரே எடத்துல நின்னா ஸின்யோ மேல எச்சம் போட்டுரும்க்கா. நடந்துக்கிட்டே இருக்கணும்" என்பாள்.

அது தொழில் சூட்சுமம். ஆனால் வேறொன்றும் உண்டு. இளவயதில் அவளுக்கு நிச்சயம் செய்த பையன் கப்பல் வேலைக்குப் போனான். இந்த ஜெட்டிக்கு நாள் தவறாமல் வந்து நின்று பார்த்தாள். அவன் பினாங்கில் ஒருத்தியைக் கட்டிக்கொண்டு பிள்ளைகுட்டியோடு சௌக்கியமாக இருக்கிறான் என்று சேதி வந்தது. இனி எந்த ஆம்பளைக்காகவும் எந்தத் துறையிலும் நிற்பதில்லை என்று அன்றைக்கு முடிவெடுத்தவள்தான்.

இந்த லட்சணத்தில் கார்த்திகேசனுக்கு ஜப்பான் பாட்டுப் பைத்தியம் பிடித்தது. பக்கத்துக் கியாக்டடாப் பேட்டையில் அவன் ஐஸ் போடும் ஜப்பான் ஓட்டல் ஒன்று உண்டு. அங்கே சமையல்காரர் கோ ஸோமின்; 'கோ' என்றால் பர்மாக்காரர் பேச்சில் அண்ணன். ஜப்பானில் பனி கொட்டும் ஊரில் வருஷக்கணக்கில் வேலை பார்த்துவிட்டு வந்தவர். மீன் வெட்டும்போது அந்த ஊர்ப் பழைய காதல் பாட்டுகளைப் போட்டுக்கொண்டே வெட்டுவார். கார்த்திகேசன் ஐஸ் கட்டியை இறக்காமல் நின்று கேட்பானாம், பாதி ஐஸ் தரையில் ஓடும்வரைக்கும். ஒரு நாள் என் கடையில் உட்கார்ந்து அதைப் பாடியே காட்டினான். பால் திரிந்து போகுமோ என்று எனக்குப் பயமாகிவிட்டது.

"என்னதான் சொல்லுது தம்பி அந்தப் பாட்டு?"

"ஒரு பொம்பள துறைமுகத்துல நிக்கிறாக்கா. பனி கொட்டுது. கடற்காக்கா கத்துது. ஆளு கப்பல்ல போயிட்டான்."

"வேற பாட்டு இல்லியா?"

"இருக்கே. அதுல பொம்பள சாராயக்கடை வெச்சிருக்கா. வெளிய பனி. ஆளு வரல."

"எதுலயாவது கல்யாணம் ஆகுதா?"

"கேட்டேன்க்கா. ஆயிட்டா பாட்டு முடிஞ்சு போயிருமாம்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நமக்கு மனசு குளிர்ந்தால் சந்தோஷம். வயிறு குளிர்ந்தால் வாழ்த்துவோம். பர்மாக்காரர்களும் மனசு குளிர்ச்சியாக இருக்க வேண்டும் என்றுதான் சுலே பகோடாவில் விழுந்து கும்பிடுகிறார்கள். அந்த ஊரில் குளிர்ந்தால் அழுகையாம். கார்த்திகேசனுக்கும் இது முதலில் பிடிபடவில்லை. பனி என்ற சொல் வந்தாலே முகமெல்லாம் பல்லாகப் பாடுவான். அவனுக்குச் சோறு போடுவதே குளிர்தானே! இழவு வீட்டில் சிரிக்கிறவன் மாதிரிப் பாடுகிறாய் என்று கோ ஸோமின் கத்தியைக் காட்டித் திட்டினாராம்.

அதோடு விட்டிருக்கலாம். அந்தப் பாட்டுகளில் எவரும் வாய்விட்டு ஆசையைச் சொல்ல மாட்டார்கள், எல்லாவற்றையும் பனியே சொல்லிவிடும் என்று அவர் விளக்கவும் செய்துவிட்டார். ஒருவன் தோளில் எவ்வளவு பனி சேர்ந்திருக்கிறது என்று பார்த்தால் போதுமாம், அவன் எவ்வளவு நேரம் காத்து நின்றான் என்று அவளுக்குத் தெரிந்துவிடுமாம். வாய் திறக்க வராத மனிதனிடம் போய்ச் சொல்லுகிற பேச்சா இது? வரம் கிடைத்தவன் மாதிரித் திரிந்தான்.

தை மாதத்தில் விஜயகுமாரி கூடையோடு என் கடைக்கு வந்தாள். தூரத்துக் கியாக்தான் ஊரில் இருக்கும் அண்ணன் இராமையா அவளைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். அங்கே ஆற்று நடுவில் உள்ள பகோடாவுக்கு வருகிறவர்கள் கெளுத்தி மீனுக்குப் பொரி போடுவார்கள். ஸின்யோ பாதி வருஷம்தான், கெளுத்தி வருஷம் பூராவும் இருக்கும் என்பது அவர் கணக்கு.

"நாளைக்கு அண்ணன் டாலாவுக்கு வேன் கொண்டு வர்றாருக்கா. காலைல ஒரு நடை வந்து எல்லார்ட்டயும் சொல்லிட்டுப் போயிருவேன்."

கார்த்திகேசனிடம் சொன்னேன். அவன் முகம் செத்துப்போயிற்று.

"தம்பி, வாயத் தொறந்து சொல்லித் தொலை. நாளைக்கு விட்டா பிறகு கிடையாது" என்றேன்.

"சொல்றேன்க்கா" என்றான். மறுநாள் காலையில் கறுப்புச் சட்டை போட்டுக்கொண்டு, ஒரு சாக்கு நிறையத் தூள் ஐஸோடு வந்து நின்றான்.

ஊரே கம்பளிக் குல்லாயும் ஸ்வெட்டருமாக நடுங்குகிற காலை. இவன் ஜெட்டி வாசலில் நின்றுகொண்டு, தோளில் ஐஸை அள்ளிப் போடச் சொல்லி என்னைக் கெஞ்சுகிறான். அல்லாவே என்று டீ அகப்பையால் இரண்டு தோளிலும் போட்டுவிட்டேன். ஃபெரி வரவில்லை. மூடுபனியில் அக்கரையே தெரியாததால் படகை நிறுத்தி வைத்திருந்தார்கள். ஐஸ் கரைந்தது. மறுபடி போட்டேன். அதுவும் கரைந்தது. லுங்கி நனைந்து, பல் தந்தியடிக்க ஆரம்பித்துவிட்டது. வழியில் போன ஒருவர் நின்று பார்த்து, "மேல சிரப் ஊத்துவீங்களா?" என்று கேட்டார். பாவி, அதற்கும் தலையாட்டினான்.

ஒரு வழியாக வெயில் வந்து, ஊதல் ஊதி, ஃபெரி கரை தட்டியது. கூடவே அத்தனை ஸின்யோவும் வந்தது. ஐஸ் நல்ல ஐஸ்தான். ஆனால் சாக்கு அவன் தினமும் இறாலுக்குப் போடுகிற சாக்கு. அந்த வாசனைக்குப் பறவைகள் மொத்தமும் அவன் தோளுக்கு இறங்கிவிட்டன. ஒன்று தலையில் உட்கார்ந்தது. கண்ணை மூடிக்கொண்டான், ஆனால் நின்ற இடத்தைவிட்டு அசையவில்லை.

விஜயகுமாரிதான் ஓடி வந்தாள். கூடையில் இருந்த தீனி அத்தனையையும் ஆற்றில் கொட்டினாள். பறவைகள் அந்தப் பக்கம் பாய்ந்தன.

"கோ கார்த்தி, என்ன கோலம் இது?"

அவனால் பேச முடியவில்லை. பல் விடவில்லை. நான்தான் சொல்ல வேண்டியிருந்தது.

"உனக்காகத்தான் நிக்கிறான் தாயி. தோள்ல இருக்கிற பனியப் பாத்து, எவ்வளவு நேரமா நிக்கிறான்னு நீயே தெரிஞ்சுக்கணுமாம். ஜப்பான் பாட்டுல அப்படித்தானாம்."

தோளில் பனி எங்கே இருந்தது? ஓர் இறால் தலைதான் இருந்தது. அவள் அதை எடுத்துப் போட்டாள். கீழே பார்த்தாள். கரைந்த தண்ணீர் அவன் காலடியிலிருந்து என் பெஞ்சு வரைக்கும் ஓடியிருந்தது. அது ஓடிய தூரத்தைக் கண்ணாலேயே அளந்தாள்.

"அந்தப் பாட்டுல பொறவு என்னாகும்?" என்று அவனைக் கேட்டாள்.

"ஆம்பள... கப்பல்ல ஏறிப் போயிருவான். பொம்பள நிப்பா" என்று பல் தந்தியடிக்கச் சொன்னான்.

"அப்ப ஏறுங்க."

அவன் முகத்தைப் பார்க்க எனக்கே சகிக்கவில்லை.

"அக்கரையில அண்ணன் நிக்கிறாரு" என்றாள். "மூட்டைய வேன்லேருந்து எறக்கச் சொல்லுங்க. எதுக்குன்னு கேப்பாரு. நீங்களே வாயத் தொறந்து சொல்லுங்க. சொல்லிட்டு வாங்க. இது டாலா ஃபெரி. போனா திரும்பி வந்துதான் ஆவணும்."

ஏறினான். ஈரத்தோடு, செருப்பு ஒரு காலில் மட்டும். அவள் காலிக் கூடையோடு ஜெட்டி ஓரத்தில் நின்றாள். டீ கொடுத்தேன், வாங்கவில்லை. அடுத்த ஃபெரி வந்தது. அதில் அவன் இல்லை. அவள் கூடையை இடுப்பு மாற்றி வைத்துக்கொண்டு அங்கேயே நின்றாள். இந்த மடையனுக்கு வாய் வரவில்லையா, அண்ணன் அடித்துவிட்டாரா? இன்னொரு தடவை இவளை இந்த ஜெட்டியில் நிற்க வைத்துவிட்டோமே என்று என்மேலேயே கோபம் வந்தது.

அதற்கடுத்த ஃபெரியில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான். உடம்பில் இராமையாவின் ஸ்வெட்டர் இருந்தது. இறங்கி ஓடி வந்தவன் அவள் எதிரில் சட்டென்று நின்றுவிட்டான். அவள் தோளைப் பார்த்தான். ரவிக்கையில் தோள் பக்கம் வெள்ளையாக ஸின்யோ எச்சம். ஒன்றில்லை, நன்றாகவே சேர்ந்திருந்தது. ஜெட்டியே பார்க்க ஓவென்று அழுதான்.

"அடியே, இத்தனை வருஷத் தொழில்காரி, அதைத் தொடைக்கத் தெரியாதா உனக்கு?" என்று துண்டை நீட்டினேன்.

"தெரியும்க்கா" என்றாள். "அவரு பாக்கட்டும்னு விட்டேன்."