சன்னலோரத்துச் சாவி

டாக்சிக்காரி என்றால் அந்தத் தெருவில் எல்லாருக்கும் தெரியும். வண்டி என்னவோ புருஷன் ஓட்டினது. பக்கவாதம் வந்து அவருக்கு வலது பக்கமும் பேச்சும் போனபிறகு, ஸ்டியரிங்கைப் பிடிக்க வீட்டில் வேறு ஆளா இருக்கு? இவள்தான் பிடித்தாள்.

ஆனாலும் சவாரி முடிந்து வந்ததும், தெருப்பக்கச் சன்னலோரம் படுத்திருக்கும் அவருடைய இடது கையில் சாவியை வைத்துவிடுவாள்.

"முதலாளி, சாவியை ஒப்படைச்சாச்சு. அப்புறம் காணோம்னு என் மேல பழி போடக்கூடாது!"

அவர் ஒரு பக்க வாயால் சிரிப்பார். விரல்களை இறுக்கி மூடிக்கொள்வார். அதைப் பார்த்தால்தான் அவளுக்குச் சாப்பாடு இறங்கும்.

துளையில் போட்டுத் திருகுகிற சாவி இல்லை அது. கையில் வைத்துக்கொண்டு பக்கத்தில் போனாலே கதவு திறக்கும், வண்டி கிளம்பும். "திருடன் தலைகீழா நின்னாலும் முடியாதும்மா" என்றான் விற்றவன். நம்பினாள்.

ஒரு மத்தியானம் குளித்துக்கொண்டிருந்தாள். உள்ளே அவர் முனகுவது கேட்டது. "இதோ வந்துட்டேங்க!" என்று குரல் கொடுத்து இன்னும் ரெண்டு சொம்பு ஊற்றிக்கொண்டாள். வந்து பார்த்தால், மனுஷன் சாவியால் சன்னல் கம்பியை அடித்துக்கொண்டிருக்கிறார். வாசலில் வண்டி இல்லை.

போலீஸ்காரர் வந்தார். "சாவி எங்கம்மா இருந்துச்சு?"

"இவர் கையிலதான். எப்பவும் இவர் கையிலதான் சார்."

போலீஸ்காரர் சன்னலைப் பார்த்தார். "அதான் விஷயம். ஒருத்தன் மெஷினோட இந்தச் சன்னல்கிட்ட நின்னுருப்பான். சாவியோட சிக்னலைப் பிடிச்சு, வண்டிகிட்ட நிக்கறவனுக்கு அனுப்பியிருப்பான். சாவிதான் பக்கத்துல இருக்குன்னு வண்டி ஏமாந்துடும். உள்ள தள்ளி ஒரு தகர டப்பாவுல போட்டிருந்தா..."

"மெதுவா பேசுங்க சார்!"

பேச்சுதான் போயிருந்தது அவருக்கு. காது நன்றாகவே கேட்கும். விரல்கள் விரிந்தன. சாவி தரையில் விழுந்தது.

"உங்க மேல என்னங்க தப்பு? கையில வெச்சது நான். அந்த வண்டிக்குத்தான் புத்தியில்ல, எவனோ கூப்பிட்டான்னு பின்னாடியே போயிருக்கு, ஓடுகாலி!"

அவர் சிரிக்கவில்லை. சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

வண்டி கிடைக்கவே இல்லை. இப்போது யாரோ ஒருத்தருடைய வண்டியைக் கூலிக்கு ஓட்டுகிறாள். சாவியை அங்கேயே கொடுத்துவிட்டு வெறுங்கையோடு வருகிறாள். நன்றாக இருந்த அந்த இடது கையில் எதை வைத்தாலும் அவர் பிடிப்பதில்லை. கரண்டி வைத்தால் நழுவிப் போகிறது. அவளும் விடுவதில்லை, முதலில் கையில் வைத்துப் பார்க்கிறாள், அப்புறம்தான் ஊட்டுகிறாள்.