ஹார்ட்னர் ஊற்றிய பின்

படகுப் பட்டறையில் அவளைக் ‘கலவையக்கா’ என்றுதான் கூப்பிடுவார்கள். கண்ணாடி நார்மேல் தடவும் பிசினைக் கலந்து கொடுப்பது அவள் வேலை. அதற்கு முன் அந்த மேசை அவள் கணவருடையது.

பிசின் தானாக இறுகாது. முதலில் ஊதா நிறக் கோபால்ட் கரைசலைக் கொஞ்சம் விட்டு நன்றாகக் கிளற வேண்டும். பிறகுதான் பிசினை இறுக வைக்கும் ஹார்ட்னர். கோபால்ட் ஒரு ஊக்கி, ஹார்ட்னரை முடுக்கிவிடும். பிசினில் கலந்திருக்கும்வரை சாது. பிசின் இல்லாமல் இரண்டும் நேருக்கு நேர் சேர்ந்தால், மெல்ல வரவேண்டிய சூடு ஒரே நொடியில் சீறிக்கொண்டு கிளம்பும்.

இது அவள் கணவருக்குத் தெரியாததல்ல. ஒரு மத்தியானம் பேச்சுவாக்கில், அடியில் கோபால்ட் மிச்சமிருந்த குவளையில் ஹார்ட்னரை ஊற்றிவிட்டார். சீறியது முகத்தில் தெறித்தது. தண்ணீரை ஊற்றி ஊற்றிக் கழுவினார்கள். இரண்டு கண்ணும் போயின.

வீட்டுக்கு வந்தவர் கட்டிலை விட்டு நகரவில்லை. அவள் வேலைக்குக் கிளம்பியபோது மட்டும் வாய் திறந்தார்.

“அந்த மேசைக்கா போற?”

“வேற எந்த மேசைங்க நமக்குச் சோறு போடும்?”

அதன்பின் பேச்சே நின்றுபோனது. அவளும் சுவரோடு பேசிப் பழகிக்கொண்டாள்.

மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டி விரிசல் விட்டது. விடுமுறை நாளில் அவளே பிசின் கலந்தாள். கிளறும் சத்தம் கேட்டு, சுவரைப் பிடித்துக்கொண்டே மாடியேறி வந்தார்.

“எவ்வளவு ஊத்தின?”

“பட்டறையில ஊத்துற அளவுதான்.”

“அங்க நிழல். இங்க வெயில் கொளுத்துது. மொத்தமா டப்பாலயே வச்சிருக்கியா? கொண்டா இப்படி.”

தயங்கித் தயங்கி டப்பாவை அவர் கையில் வைத்தாள்.

“ஐயோ, சூடு ஏறிடுச்சு! தூரப் போடு!”

அவர் கையிலிருந்து பிடுங்கி, மாடி மூலையிலிருந்த மணல் குவியலில் வீசினாள். டப்பா புகைந்தது, உள்ளே பிசின் படபடவென்று வெடித்துப் பிளந்தது.

“உன்மேல பட்டுச்சா? சொல்லுடி!”

அவர் விரல்கள் அவள் முகத்தைத் தேடின. பாதுகாப்புக் கண்ணாடியைத் தொட்டதும் நின்றன. அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதார். விபத்துக்குப் பிறகு அன்றுதான் முதல் அழுகை. அவளும் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

வெயில் தாழ்ந்ததும் ஹார்ட்னரைக் குறைத்து மறுபடி கலந்தார்கள். மெல்லிசாகப் பூசியதால் உள்ளே பிறந்த சூடு அவ்வப்போதே காற்றில் போய்விட்டது. பூச்சின் ஓரத்தில் அவர் உள்ளங்கையை வைத்தபடியே இருந்தார். இளஞ்சூட்டுக்கு மேல் அது ஏறவில்லை, பிறகு தணிந்தது.

“பிடிச்சிருச்சு” என்றார்.

பட்டறைக்கு அவர் கடைசிவரை திரும்பவில்லை. ஆனால் மறுநாள் அவள் செருப்பு மாட்டும்போது கட்டிலிலிருந்து குரல் வந்தது.

“மழை வர்றாப்ல இருக்கு. குளிர்ந்தா லேட்டாத்தான் பிடிக்கும். அவசரப்பட்டு ஹார்ட்னரை அதிகமா ஊத்திடாத.”

“சரிங்க” என்றாள். உடனே கிளம்பாமல், இன்னும் ஏதாவது சொல்வாரா என்று வாசலிலேயே சற்று நின்றாள்.