தலைகீழாய் நிற்கும் நடுத்தூண்

யோர்மா பின்லாந்துக்காரன். ஜப்பானில், ஹிதா மலையடிவாரத்தில் எங்கள் தச்சுப் பட்டறைக்கு வந்தபோது அவனுக்கு முப்பத்தெட்டு வயது. சொந்த ஊரில் வீடு கட்டிப் பெயர் வாங்கியவன், இங்கே முதல் வருஷம் முழுக்க உளி தீட்டினான். எங்கள் இழைப்புளியைத் தன் பக்கம் இழுக்க வேண்டும். அவனோ தள்ளியே பழகியவன். மதியச் சோற்றில் உப்புப் பிளம்ஸை மட்டும் ஒதுக்குவான்.

"அதத் தின்னாத்தான்டா உன்ன இந்த ஊர்க்காரன்னு ஒத்துக்குவாங்க" என்று சீண்டுவேன்.

"அப்போ நான் வெளியூர்க்காரனாவே இருந்துக்கறேன் அண்ணே" என்பான்.

ஆனால் அவன் ஆசை எனக்குத் தெரியும். உச்சி உத்தரம் ஏற்றும் நாளில் தச்சர்களின் பெயரைப் பலகையில் எழுதி உச்சியில் அறைவோம். அதில் தன் பெயர் வரவேண்டும். ஆறாம் வருஷம், மிசாவோ அம்மாள் குடும்பத்துக்குக் கட்டிய வீட்டின் பலகையில் மேஸ்திரி தோகுஸோ அவன் பெயரை எழுதினார்.

உத்தரம் ஏற்றும் நாள் காலையில் வீட்டின் மரச்சட்டம் முழுக்க நின்றுவிட்டது. கூரையிலிருந்து நாங்கள் வீசப்போகும் அரிசி உருண்டைக்காகக் கீழே ஊரே கூடியிருந்தது. நடுத்தூணைத் தடவிப் பார்த்த யோர்மா என்னிடம் வந்தான். முகத்தில் ரத்தமே இல்லை.

"அண்ணே, தூண் தலைகீழா நிக்குது. இந்தக் கணுவப் பாருங்க, கீழ பாத்திருக்கு."

வேர்ப்பக்கம் மேலே போனால் அந்தத் தூண் முனகும், அந்தக் குடும்பம் குப்புற விழும் என்பார்கள். அந்தத் தூணில் எது வேர்ப்பக்கம் என்று பார்த்து, வெட்டுவதற்கு மைக்கோடு போட வேண்டியவன் நான். ஒரே நாளில் முப்பத்திரண்டு தூணுக்குக் கோடு போட்டேன் என்று பீற்றிக்கொண்டவனும் நான்தான்.

மேஸ்திரி வந்து பார்த்தார். "யாருடா வெட்டினது?"

"நான்தான் மேஸ்திரி. கோட்டுப்படிதான் வெட்டினேன்."

"இவாவோ, கோடு தப்பா?" என்று என் பக்கம் திரும்பினார்.

இழைத்ததில் கோடெல்லாம் சீவலோடு போயிருந்தது. "வேர்ப்பக்கத்துக்குக் குறி போட்டுத்தான் குடுத்தேன். இவன் மாத்தி வெட்டிட்டான்" என்றேன். பாவி நாக்கு, கொஞ்சமும் தடுமாறவில்லை.

யோர்மா என்னைப் பார்த்தான். இங்கே யார் பேச்சு எடுபடும் என்று ஆறு வருஷத்தில் கற்றிருந்தான். மேஸ்திரி பலகையை எடுத்து அவன் பெயரை ஒரே இழுப்பில் இழைத்து எறிந்தார். இனித் தூணைப் பிடுங்க வழியில்லை.

"ரெண்டு பேரும் வெளிய மூச்சு விடக் கூடாது" என்றார்.

உருண்டை வீசும்போது யோர்மா மூட்டையோடு பேருந்துக்கு நடந்துகொண்டிருந்தான்.

அடுத்த மழைக்காலத்திலேயே தூண் முனக ஆரம்பித்தது. மிசாவோ அம்மாள் கூப்பிட்டு அனுப்புவார். "மரம் காயுதுங்க, சரியாயிடும்" என்பேன். மூன்றாம் வருஷம் அவர் கணவர் அந்தத் தூணடியிலேயே சரிந்து விழுந்தார், எழவில்லை. மேஸ்திரியும் போய்ச் சேர்ந்தார். இப்போது விஷயம் தெரிந்தவன் இந்த ஊரில் நான் ஒருவன்தான்.

போன ஞாயிறு மிசாவோ அம்மாள் சாக்கே மதுப் புட்டியோடு என் வீட்டுக்கு வந்தார். அவர் மகனும் என் மகள் சயோகோவும் ஒருவரையொருவர் விரும்புகிறார்களாம்.

"நீங்க கட்டின வீட்டுக்கே உங்க பொண்ணு வாழ வரப்போறா" என்று சிரித்தார். "ஏதாவது குறை இருந்தா இப்பவே சொல்லிருங்க."

சயோகோ என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஒரு குறையும் இல்லீங்க" என்றேன்.