காலி கண்டெய்னர்ல கேட்ட கைதட்டு

மொதல்லயே சொல்லிடறேன், பேய் பிசாசுன்னு யாராவது ஆரம்பிச்சா சிரிக்கிற ஆளு நான். எர்ணாவூர்ல பொறந்து வளந்தவ. தெருவுல யாருக்கு காத்து கருப்பு அடிச்சாலும் எங்கம்மா மீன் கூடைய அப்படியே எறக்கி வெச்சிட்டு வேடிக்க பாக்க ஓடும், நான் "மொதல்ல அதுக்கு சோறு போடுங்க, எல்லாம் சரியா பூடும்"னு சொல்லிட்டு வூட்டுக்குள்ள பூடுவேன். அப்படிப்பட்டவதான் சொல்றேன். நம்பறதும் நம்பாததும் உங்க இஷ்டம். ஆனா முழுசா கேட்டுட்டு அப்பால பேசுங்க.

எனக்கு வேல எங்க ஹவுசிங் போர்டு பிளாக்குக்குள்ள கீற டியூஷன் சென்டர்ல. பசங்களுக்கு பாடம் சொல்லித் தரணும், சுண்டல் தரணும், அம்மா அப்பா வேலைலேர்ந்து வர வரைக்கும் பாத்துக்கணும். போன வருஷம் டென்மார்க்லேர்ந்து காலேஜ் பசங்க கொஞ்ச பேரு வந்தாங்க, பாதி நாள் ஊர் சுத்திப் பாக்க, பாதி நாள் எங்க பசங்களுக்கு சேவை செய்ய. காலைல மகாபலிபுரம், மயிலாப்பூர்னு போட்டோ புடிச்சிட்டு, மத்தியானம் வெயில்ல செவந்து போய் எங்ககிட்ட வந்து நிப்பாங்க. ரெண்டு வாரத்துல இவங்க இன்னா கிழிக்கப் போறாங்கன்னு எனக்கு எரிச்சல்தான், பொய் சொல்லல. ஆனா அதுல ஆஸ்ட்ரிட்னு ஒரு பொண்ணு, நெட்டையா, மூக்கு மேல புள்ளி புள்ளியா இருக்கும், அது வேற மாதிரி. தரைல சம்மணம் போட்டு உக்காந்து பசங்க ஊட்டுற சுண்டல துன்னும். பசங்களுக்கு அந்தப் பேரு வாய்ல நுழையல, "இஸ்திரி அக்கா"ன்னு வெச்சிட்டாங்க. கூப்ட்டா திரும்பிப் பாக்கும்.

அது ஒரு வெளாட்டு சொல்லிக் குடுத்துச்சி. வட்டமா உக்காந்துகினு பக்கத்துல கீறவன் உள்ளங்கைல தட்டிகினே வரணும், அவங்க ஊரு பாட்டு ஒண்ணு பாடணும். ஒரு வார்த்த புரியாது. கடேசில ஒரு சத்தம் போட்டு எல்லாரும் பின்னால சாயணும். எங்க பசங்க சும்மா இருப்பானுங்களா, அந்தக் கடேசி வார்த்தய தூக்கிப் போட்டுட்டு "ஜூட்!"னு கத்த ஆரம்பிச்சிட்டானுங்க. இத நல்லா ஞாபகம் வெச்சிக்கோங்க. அந்தப் பாட்டு டென்மார்க்ல இருக்கலாம், ஆனா "ஜூட்"டோட சேத்து பாடுறது ஒலகத்துலயே எங்க சென்டர் பசங்க மட்டும்தான்.

அவங்க கெளம்பறதுக்கு முன்னால கடேசி சனிக்கிழம, பசங்களையும் இட்டுகினு பழவேற்காடு போய் பறவை பாத்துட்டு வரலாம்னு முடிவாச்சி. பசங்கள்ல பாதிப் பேரு எண்ணூரத் தாண்டுனது கெடயாது. "மேனகா கூடன்னா அனுப்பறேன்"னு சொல்லித்தான் ஒவ்வொரு அம்மாவும் அனுப்புனாங்க. அதனால ஏரி, பறவை ஒண்ணும் நான் பாக்கல, தலையத்தான் எண்ணிகினு இருந்தேன். ஒரு கொறையும் இல்லாம வேன்ல ஏத்திட்டோம். டிரைவர் பாஷா பாய் பெரிய வேன் எடுத்தாந்திருந்தாரு, ஏசி வண்டி. மீஞ்சூர் வரதுக்குள்ள பசங்க, வெள்ளக்காரங்க எல்லாரும் ஒருத்தர் மேல ஒருத்தர் விழுந்து தூங்கிட்டாங்க.

எண்ணூர் கிட்ட வந்து மாட்டிகினோம். ஹார்பருக்குப் போற கண்டெய்னர் லாரிங்க, கண்ணுக்கெட்ற தூரம் வரைக்கும் ஒரே வரிசை. முன்னாலயும் போக முடியாது, பின்னாலயும் போக முடியாது. பொழுது சாஞ்சி இருட்டிகினு வந்துச்சி. பாஷா பாய் "இப்போதைக்கு நவுராதும்மா, டீ வாங்கியாரேன்"னு எறங்கிட்டாரு. நானும் காலு மரத்துப் போச்சேன்னு எறங்கி நாலு லாரி தள்ளி நடந்தேன்.

அப்பதான் கேட்டுச்சி.

தட் தட் தட்னு கைதட்டு. அந்தப் பாட்டு.

எனக்கு மொதல்ல கோவம்தான் வந்துச்சி. பின்னாலயே எறங்கி வந்துட்டானுங்க போலன்னு ரெண்டு லாரிக்கும் நடுவுல போய் குனிஞ்சி பாத்தா யாரும் இல்ல. சத்தம் வெளிய இல்ல. ஒரு செவப்பு கண்டெய்னர், துருப்புடிச்சது, அதுக்குள்ளேர்ந்து வருது. காத வெச்சேன். தகரம் வெயில் காஞ்ச சூடு இன்னும் போவல, சுரீர்னுச்சி. உள்ள பாட்டு முடிஞ்சி "ஜூட்!"னு கத்துறாங்க, சிரிக்கிறாங்க, தடதடன்னு பின்னால சாயறாங்க, பெட்டியே லேசா ஆடுது. அப்பறம் மறுபடி மொதல்லேர்ந்து. ரெண்டாவது வாட்டி பாட்டு கொஞ்சம் மெதுவா. மூணாவது வாட்டி சிரிப்பு இல்ல. அப்பால ஒரு சின்னக் கொரலு, தகரத்துக்கு அந்தப் பக்கம் என் காதுக்கு நேரா, "க்கா... காத்து வரல க்கா."

நான் ஓடுன ஓட்டம் இருக்கே. வேன் கதவ இழுத்துத் தெறந்து எண்ணுனேன். எல்லாரும் கீறாங்க. ஒருத்தர் விடாம, வாயத் தொறந்துகினு தூங்குறாங்க. தொட்டுத் தொட்டுப் பாத்தேன். ஆஸ்ட்ரிட் மட்டும் முழிச்சிகிச்சி, என் மூஞ்சப் பாத்துட்டு கூடவே எறங்கி வந்துச்சி. நான் ஒரு வார்த்த சொல்லல. என் இங்கிலீஷுக்கு அத எப்படி சொல்றது? பெட்டியக் காட்டுனேன், அவ்ளோதான். அது காது வெச்சி கேட்டுச்சி. அந்தப் புள்ளி மூஞ்சி வெளுத்துப் போனத நான் என் கண்ணால பாத்தேன். பாட்டோட தாளத்துல வெளியேர்ந்து தட்டுச்சி, நானும் கூட சேந்து தட்டுனேன். உள்ளேர்ந்து அதே தாளத்துல திருப்பித் தட்டுனாங்க. ரொம்ப மெதுவா.

"மேனகா, ஓப்பன்! ஓப்பன்!"னு அது கத்தவும் முன்னால லாரிங்க நவுரவும் சரியா இருந்துச்சி. நான் யோசிக்கவே இல்ல, போய் அந்த லாரி மூஞ்சிக்கு முன்னால ரெண்டு கையையும் விரிச்சிகினு நின்னுட்டேன். பின்னால ஒரே ஹாரன். டிரைவர் நெல்லூர்க்காரரு, எறங்கி வந்து தெலுங்கும் தமிழுமா திட்டுறாரு.

"இன்னாம்மா, சாவறதுக்கு என் வண்டிதான் கெடச்சிதா?"

"உள்ள பசங்க கீறாங்க, தெறங்க!"

"காலிப் பெட்டிம்மா! யார்டுக்குப் போற காலிப் பெட்டி! சீலு கூட கெடயாது, பாரு!"

"காலின்னா தெறந்து காட்றதுக்கு இன்னா?"

பாஷா பாய் டீயும் கையுமா ஓடி வந்தாரு, ரோட்ல ட்ராஃபிக் பாத்துகினு இருந்த போலீஸ்காரரும் வந்தாரு. அவரு பெட்டிய ரெண்டு தட்டு தட்டிப் பாத்துட்டு, "தெறந்து காட்டிட்டுப் போய்யா, இல்லாட்டி இந்தப் பொண்ணு விடாது"ன்னாரு. டிரைவர் மொனகிகினே கம்பியத் தூக்கி இழுத்தாரு. கதவு கிறீச்னு தெறந்துச்சி. உள்ளேர்ந்து ஒரு சூடு காத்து, வாயத் தெறந்து மூஞ்சி மேல ஊதுன மாதிரி. போலீஸ்காரரு டார்ச் அடிச்சாரு. ஒண்ணும் இல்ல. பலகத் தரை, நாலு பக்கம் தகரம். அவ்ளோதான்.

டிரைவர் என்ன ஒரு பார்வ பாத்தாரு பாருங்க. நான் உள்ள ஏறி நடந்தே பாத்தேன். பாஷா பாய் "வாம்மா, வெயில் தலைக்கு ஏறிடுச்சி"ன்னு கையப் புடிச்சி எறக்குனாரு. லாரி டிரைவர் கதவ சாத்தி கம்பிய எறக்கிட்டு வண்டிய எடுத்தாரு. ஆஸ்ட்ரிட் ரோட்டோரமா குந்திகினு அழுதுச்சி. அத இட்டுகினு வேனுக்கு வந்தேன்.

ஜன்னலோரம் தீபிகா முழிச்சிகினு இருந்தா. ஒண்ணாங்கிளாஸ் போறவ, அதிகம் பேசமாட்டா. கண்ணாடி வழியா அந்த லாரி போறதயே பாத்துகினு இருந்தவ என்னத் திரும்பிப் பாத்து, தூக்கக் கலக்கம் ஒண்ணும் இல்லாம, ரொம்ப சாதாரணமா கேட்டா.

"இன்னாத்துக்கு க்கா கதவ சாத்துனீங்க? இன்னும் எறங்கவே இல்லியே."

"யாருடி எறங்கல?"

"நாங்கதான் க்கா."

சொல்லிட்டு ஜன்னல்ல தலைய சாச்சி தூங்கிட்டா.

நான் கதவத் தெறந்துகினு வெளிய குதிச்சேன். வரிசை பூரா நவுந்து பூட்ச்சி. எல்லாம் ஒரே மாதிரி பெட்டி. எதுன்னு தேடறது?

அன்னிக்கு ஒவ்வொருத்தனையும் நானே வூட்டு வாசப்படி வரைக்கும் இட்டுகினு போய் அம்மா கைல புடிச்சிக் குடுத்தேன். திங்கக்கிழம சென்டரத் தெறக்கறதுக்குள்ள ரெண்டு மூணு அம்மாங்க சண்டைக்கு வந்து நின்னுட்டாங்க. "எங்க வெயில்ல இன்னாத்த புடிக்க வெச்ச? பாரு!" பசங்க கைய விரிச்சிக் காட்டுனாங்க. உள்ளங்கைல கொப்புளம். சுடுற தகரத்துல ரொம்ப நேரம் அடிச்ச மாதிரி. சண்டைக்கு வந்தவங்க பசங்களுக்கு மட்டும் இல்ல, வேன்ல வந்த எல்லாருக்கும். வலிக்குதாடான்னு கேட்டா இல்ல க்கான்றாங்க, எப்படி வந்துச்சின்னா தெரியாதுன்றாங்க. என் கையிலயும் ஆஸ்ட்ரிட் கையிலயும் இருந்துச்சி, அது சரி, நாங்க வெளிய நின்னு தட்டுனோம்.

ஆஸ்ட்ரிட் ஊருக்குப் போய் சேந்து எப்பவாவது மெசேஜ் போடும். நாங்க ரெண்டு பேரும் அதப் பத்தி பேசறதில்ல. "பசங்க எப்படி இருக்காங்க?"ன்னு மட்டும் கேக்கும். நல்லா கீறாங்கன்னு சொல்வேன். நெஜமாவே நல்லாத்தான் கீறாங்க, சாமி சத்தியமா. எனக்கு பயமே அதான். செத்துப் போன யாரோ பாடுனாங்கன்னா, சரி பேயின்னு சொல்லிட்டுப் போயிடலாம். நான் கேட்டது என் பசங்க கொரலு. அது நடந்து முடிஞ்சதா, இனிமே நடக்கப் போறதான்னு யாரப் போய் கேப்பேன்?

எங்க பிளாக் வாசல்லயே மெயின் ரோடு. நாள் பூரா கண்டெய்னர் ஏத்துன டிரெய்லர் போகும் வரும். பசங்க கச்சா முச்சான்னு கத்திகினு இருப்பாங்க. எப்பவாவது ஒரே ஒரு டிரெய்லர் தாண்டும்போது மட்டும் எல்லாரும் ஒண்ணா பேச்ச நிறுத்துவாங்க. எழுதறவன் எழுதாம, துன்றவன் மெல்லாம, மூச்ச இழுத்துப் புடிச்ச மாதிரி. அது தாண்டிப் போனதும் விட்ட வார்த்தயிலேர்ந்து ஆரம்பிப்பாங்க. "இன்னாடா ஆச்சி?"ன்னு கேட்டா, "இன்னா க்கா?"ன்னு என்னயே திருப்பிக் கேக்கறாங்க. அவங்க பண்றது அவங்களுக்கே தெரியல. நேத்து கூட நடந்துச்சி.